படகோட்டியைக் கொன்ற பாட்டு

அக்கா ஒரு மனிதனை மீனால் அடித்ததைத்தான் நான் முதலில் கண்டேன். அவருடைய குரலைக் கேட்டது அதற்குப் பிறகு. கூடப்பிறந்தவர் அல்ல, எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

2009ஆம் ஆண்டின் தொடக்கம். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த அவருடைய பலசரக்குக் கடையில் ஃபிரீசர் குளிரவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். குளிர்பெட்டி திருத்துவதுதான் அப்போது என் தொழில். ஃபிரீசரின் பின்மூடியைக் கழற்றிவிட்டு நிலத்தில் படுத்துக் கிடந்தேன். அங்கிருந்து பார்த்தால் மனிதர்களின் கால்கள் மட்டுமே தெரியும். ஈரச் சப்பாத்து போட்ட இரண்டு கால்கள் உள்ளே வந்தன. குடிவாடை வந்தது. பிறகு எங்கள் தோலின் நிறத்தைப் பற்றிய தூஷணம். கல்லாவில் நின்றவள் அக்காவின் மருமகள் மைதிலி. அவள் கத்திய சத்தம் கேட்டு நான் தவழ்ந்து வெளியே வந்தபோது அந்த ஆள் அவளுடைய பின்னலைக் கையில் சுற்றி இழுத்துக்கொண்டு நின்றான்.

மீன் பக்கத்திலிருந்து அக்கா வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். இரண்டு கையிலும் கட்டைபோல் உறைந்த ஒரு அறக்குளா மீன். அதை வீசி அவன் காதில் அடித்தார். அவன் பிஸ்கட் அடுக்கியிருந்த தட்டோடு போய் மோதி, பின்னலை விட்டுவிட்டுத் திரும்பினான். இரண்டாவது அடி வாயில் விழுந்தது. பல் ஒன்று சீமெந்துத் தரையில் உருண்டு போனது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதும் அக்கா மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வால் உடைந்திருந்தது.

"இனி இதை விக்கேலாது," என்றார். பிறகு என்னிடம், "தம்பி, நீங்கள் மீன் சாப்பிடுவீங்களோ?"

"ஓம்."

"அப்ப கொண்டுபோங்கோ. கழுவினால் சரி."

கொண்டுபோனேன். அடுத்தநாள் குழம்பு வைத்தேன். நல்ல மீன்.

அன்றைக்கு நான் ஃபிரீசரைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது, குளிர் அறைக்குள் பெட்டி அடுக்கப் போன அக்கா பாடத் தொடங்கினார். தேவாலயப் பாட்டு. நெஞ்சின் அடியிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு இரும்புக் கதவு அதிர்ந்தது. நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் அகதிப் பிள்ளையாக வளர்ந்தவன். அங்கே நகரசபை இசைப்பள்ளியில் செலோ படித்தேன். பயிற்சி பெற்ற குரல் எது, தானாக வந்தது எது என்று எனக்குத் தெரியும். எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடத்தின் பாடற்குழுவில் முன்வரிசையில் நின்றவராம். பிறகு டென்மார்க்கில் இருந்த காலத்தில் அங்குள்ள தேவாலயத்திலும் பாடியிருக்கிறார்.

"நீங்கள் என்ன வாசிப்பீங்கள்?"

"செலோ."

"அந்தப் பெரிய வயலினோ? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சேர்ச் ஹோலுக்கு வாங்கோ."

அது அழைப்பு அல்ல, கட்டளை. போனேன்.

கட்டையான ஆள். ஐம்பதைத் தாண்டியவர். காப்பு போடமாட்டார், உடைந்துபோகும் என்பார். கதைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் கிடப்பதை எடுத்துக் கையில் பாரம் பார்க்கிற பழக்கம் ஒன்று இருந்தது. தேங்காய், படிக்கல், என் திருகாணிச் சாவி, எதுவானாலும். அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "வாங்கின அடியைக் கையிலை வைச்சுக்கொண்டு திரியக்கூடாது. அண்டைக்கே குடுத்துப்போடவேணும்."

கணவருக்கும் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார். இறைச்சி வெட்டிக்கொண்டே அதைச் சொன்னார். டென்மார்க்கில் அந்த மனிதர் வருடக்கணக்காக அடித்திருக்கிறார். ஒருநாள் சோற்றுப் பானையின் மூடி அக்காவின் கையில் இருந்தது. "மணிக்கட்டு ரெண்டாப் போச்சு," என்றார் அக்கா. "அதுக்குப் பிறகு அவர் என்னைத் தொடேல்லை. நான் பெடியனைக் கூட்டிக்கொண்டு இஞ்சை வந்திட்டன்." சொல்லிவிட்டுக் கத்தியைத் துடைத்தார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

அந்தப் பெடியன்தான் ரமணன், மைதிலியின் கணவன். இருபத்தெட்டு வயது. கடையில் பாதி வேலை அவனுடையது. பொதியில் பிழையான விலையை ஒட்டினான் என்று வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அக்கா அவனுடைய பிடரியில் ஓங்கி அறைந்ததை நான் கண்டிருக்கிறேன். அவன் சிரித்தான். காது மட்டும் சிவந்தது. நின்றவர்களும் சிரித்தார்கள். இந்தக் காலத்திலும் தாய்க்குப் பயந்த பிள்ளை என்று ஒரு அம்மா மெச்சினார்.

சேர்ச் ஹோல் என்கிற அந்தத் தேவாலய மண்டபத்தில் எங்களுக்குப் பியானோ வாசித்தவர் டங்கன். ஸ்கொட்லாந்தின் தெற்குக் கரையில் பிறந்து, கப்பல் கட்டும் தளத்தில் வரைபடம் கீறி ஓய்வுபெற்ற கிழவர். மைதிலி வயலின். ஊரில் கர்நாடக முறையில் பழகி, லண்டனுக்கு வந்தபின் மேற்கத்திய சுரக் குறியீட்டை வாசிக்கப் படித்தவள். நான் செலோ. அக்கா பாடகி. தேவாலயத்தின் மாரிகாலக் கச்சேரியில் எங்களுக்கு ஒரு பாட்டுக்கு இடம் தந்திருந்தார்கள். டங்கன் தன்னுடைய ஊர்ப்பக்கத்துப் பழைய பாட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

பாட்டு நாட்டுப்புறத்தார் பாடியது. ஆனால் அதற்கு வாத்தியங்கள் சேர்த்து எழுதியவர், பியானோவைத் தொட்டே இராதவர்களுக்கும் பெயர் தெரிந்த ஒரு பெரிய இசையமைப்பாளர். வியன்னாவில் இருந்தவர். ஸ்கொட்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. பதிப்பாளர் அவருக்குத் தபாலில் மெட்டை மட்டும் அனுப்பினாராம், சொற்களை அனுப்பவில்லை. மெட்டைப் பார்த்த அவர் அது ஏதோ ஆட்டப்பாட்டு என்று நினைத்துவிட்டார். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் துள்ளலாகச் சில வரிகள், ஒவ்வொரு சரணத்துக்கும் இடையில் வயலினும் செலோவும் ஒன்றையொன்று துரத்தி விளையாடுவதுபோல் சின்னச் சின்ன ஓட்டங்கள். அவ்வளவும் அழகு.

சொற்களோ கொலை. தப்பியோடும் ஒருவனைப் படகோட்டி இரவில் அக்கரை சேர்த்துவிடுகிறான். துரத்தி வந்தவர்கள் படகோட்டியின் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள். அவனைக் கரையோரத் தண்ணீருக்குள் இழுத்து, அவனுடைய துடுப்பாலேயே அடிக்கிறார்கள். ஒரு அடிக்கு ஒரு சரணம். முழங்கால், விலா, வாய், மண்டை. பாடுகிறவள் கரையில் நிற்கும் மனைவி. கடைசிச் சரணத்தில் அவள் துடுப்பைக் கழுவுகிறாள்.

அக்கா சொற்களை வாசித்து முடித்தார். "உந்த மனிசனுக்கு ஆரும் கதையைச் சொல்லேல்லை," என்றார். "செத்தவனுக்குக் கலியாண வேட்டி உடுத்தியிருக்கிறார்."

டங்கன் எழுதியிருந்த வேகத்தில் தொடங்கினார். அக்கா மெதுவாகத்தான் பாடுவேன் என்று நின்றார். டங்கன் ஆங்கிலத்தில், எழுதியவர் எழுதியபடிதான் வாசிக்கவேண்டும், நாம் யார் திருத்துவதற்கு என்றார். திரும்பவும் வேகமாகத் தொடங்கினார். அக்கா போய்ப் பியானோவின் மூடியைப் பிடித்து அறைந்து சாத்தினார். கிழவர் விரல்களை இழுத்துக்கொண்டது கடைசிக் கணத்தில். அவருடைய முகம் வெளுத்துப்போனது. பிறகு அவர் தன்னுடைய பத்து விரல்களையும் விரித்துப் பார்த்துவிட்டு, "நீங்கள் எங்கள் ஊரில் பிறந்திருக்கவேண்டியவர்," என்று சொல்லிச் சிரித்தார்.

முடிவில் ஒரு சமாதானம் வந்தது. சரணங்களை அக்கா விரும்பிய மாதிரி மெதுவாகப் பாடுவது, இடையில் வருகிற ஓட்டங்களை எழுதியபடி வேகமாக வாசிப்பது. அது எதிர்பாராத விதத்தில் பயங்கரமாக இருந்தது. அக்கா அந்த மனிதனின் விலாவை நிதானமாக உடைப்பார். உடனே நானும் மைதிலியும் ஆட்டுக்குட்டிகள்போலத் துள்ளவேண்டும். மறுபடி அக்கா வருவார், வாயை உடைப்பார்.

அந்த வருடம் வைகாசியில், ஈழத்துப் போரின் கடைசி நாட்களில், எங்கள் எல்லோர் வீட்டிலும் தொலைக்காட்சி அணையாமல் எரிந்தது. அக்காவின் கடையிலும் தட்டுக்கு மேலே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய ஒரே தம்பி வன்னிக்குள் இருந்தார். ஒருநாள் தொலைபேசி வந்தது. கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓம். ஓம். பிள்ளையளுமோ?" என்றார். வைத்தார். அழவில்லை. ஏப்பிரனைக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய் ஆட்டு எலும்பை வெட்டத் தொடங்கினார். யாரும் கேட்காத எலும்பு. கட்டை அதிர, சதைத் துணுக்கு சுவரில் தெறிக்க, பின்னேரம் முழுக்க வெட்டினார். கடைக்கு வந்தவர்கள் கேட்டதை வாங்காமலே போனார்கள். ரமணன் கிட்டப் போகவில்லை. எனக்கும் துணிவு வரவில்லை. மைதிலிதான் போனாள். கத்தி மேலே போன நேரம் பார்த்து அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

"மாமி, காணும். நிப்பாட்டுங்கோ."

அக்கா நிறுத்தினார். அந்தக் கையைப் பிடித்து நிறுத்தக்கூடியவள் உலகத்தில் அவள் ஒருத்திதான் என்று அன்று நான் நினைத்தேன். அவளும் அப்படி நினைத்திருக்கவேண்டும்.

வயலின் வாசிப்பவர்களுக்கு இடது தாடைக்குக் கீழே ஒரு கறுப்புத் தழும்பு வரும். வாத்தியம் அழுத்துகிற இடம். மைதிலிக்கும் இருந்தது. அதனால் அவளுடைய கழுத்தில் நிறம் மாறிய இடங்களை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒத்திகையின்போது அக்கா எங்களைப் பார்த்துத் திரும்பி நின்று பாடிக்கொண்டிருந்தார். மூன்றாம் சரணத்தில் நிறுத்திவிட்டு மைதிலியிடம் போனார். தாடையைப் பிடித்து முகத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இது ஃபிடில் வைக்கிற பக்கமோ?"

வலது பக்கம். ஒரு பெருவிரலின் அளவில் நீலம்.

"படியிலை விழுந்திட்டன் மாமி."

"எந்தப் படியிலை?"

அக்கா அவளுடைய சட்டையின் கழுத்தைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார். அங்கே பழையது ஒன்று மஞ்சளாகிக் கிடந்தது. அவர் தன் கைப்பையைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தார்.

"மாமி, போகாதேங்கோ! அண்ணை, மறியுங்கோ!" மைதிலி வயலினைக் கதிரையில் போட்டுவிட்டு ஓடினாள். நானும் ஓடினேன்.

கடை இரண்டு தெரு தள்ளி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். பின்னறையில் ரமணன் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். அக்காவின் கையில் ஷட்டரை இழுத்து இறக்கும் இரும்புக் கம்பி. முதல் அடி ஏற்கெனவே விழுந்துவிட்டது. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

"எந்தக் கையாலை அடிச்சனீ? சொல்லு. எந்தக் கை?"

இரண்டாவது விலாவில் விழுந்தது. அவனுக்கு மூச்சு நின்று வந்தது. நான் பின்னாலிருந்து அக்காவைக் கட்டிப் பிடித்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழங்கை வந்து என் மூக்கில் இறங்கியது. கண்ணுக்குள் இருட்டி, வெங்காய மூட்டையின்மேல் இருந்துவிட்டேன். வாய்க்குள் இரத்தம் ஓடியது.

ரமணன் கை உயர்த்தவில்லை. சுவரைப் பிடித்து எழும்பி நின்றான்.

"அடியுங்கோ," என்றான். "அடிச்சு அடிச்சுத்தானே வளர்த்தனீங்கள். எனக்கு வேறை என்ன தெரியும்?"

"கதையாதை."

"அப்பாவின்ரை கையை முறிச்ச அண்டைக்கு நான் அலுமாரிக்குப் பின்னாலை நிண்டனான். எனக்குச் சத்தம் கேட்டது. பிறகு நீங்கள் என்ன செய்தனீங்கள் தெரியுமோ? சிரிச்சனீங்கள் அம்மா."

அக்காவின் முகம் என்ன ஆனது என்று நான் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது. கம்பி உயர்ந்து அவனுடைய தோளில் இறங்கியது. காறை எலும்பு உடைந்த சத்தம் அந்தச் சின்ன அறையில் எல்லோருக்கும் கேட்டது. அவன் சரிந்தான். தலை இறைச்சிக்கட்டையின் விளிம்பில் பட்டு நெற்றி பிளந்தது. கம்பி மறுபடி உயர்ந்தது.

"மாமி, காணும்!"

மைதிலி இடையில் வந்து, அன்றைக்குப் பிடித்த மாதிரியே அந்த மணிக்கட்டுக்கு இடது கையை நீட்டினாள். கை போய்ச் சேரவில்லை. கம்பி முந்திவிட்டது.

அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள். மோதிரவிரலும் சின்னவிரலும் வேறு எங்கோ திரும்பிக் கிடந்தன. வயலின் நரம்பில் ஓடுகிற விரல்கள்.

கம்பி கீழே விழுந்தது. அக்கா முன்னுக்குப் போய் ஃபிரீசரைத் திறந்து உறைந்த பட்டாணிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். "தா பிள்ளை, தா, இதை வைச்சால் வீங்காது," என்று அந்தக் கையைப் பிடிக்கப் போனார். மைதிலி கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். அடுத்த அடிக்குக் காத்திருக்கிற முகம் அது. அந்த முகத்தை அவள் வேறு யாருக்கோ காட்டிப் பழகியிருக்கிறாள் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அக்கா பையை நிலத்தில் வைத்தார். தொலைபேசியை எடுத்து அம்புலன்ஸையும் பொலிஸையும் அவரே கூப்பிட்டார். தெளிவான ஆங்கிலத்தில், "என்னுடைய மகனை அடித்திருக்கிறேன். மருமகளையும் அடித்திருக்கிறேன். மூன்றாவது ஆளுக்கு மூக்கில் இரத்தம். நான் இங்கேதான் இருப்பேன்," என்றார். பிறகு ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். அவர்கள் வரும்வரை ரமணனின் நெற்றியிலிருந்து வடிந்த இரத்தம் வெங்காயத் தோல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது.

மைதிலி ரமணன் செய்தவற்றையெல்லாம் பொலிஸிடம் சொன்னாள். மாமியைப் பற்றிச் சொல்ல மறுத்துவிட்டாள். தேவையும் இருக்கவில்லை. அக்கா எல்லாவற்றையும் தானே ஒப்புக்கொண்டார், வழக்கறிஞர் சொல்லச் சொன்ன எதையும் சொல்லாமல். தண்டனையை ஒத்திவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கடை கைமாறியது. ரமணனைப் பொலிஸ் எச்சரித்து விட்டது, தோள் பொருந்தியதும் அவன் டென்மார்க்குக்குத் தகப்பனிடம் போனான். மைதிலி கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு சிநேகிதியுடன் இருந்து வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

பாட்டைக் கைவிடுவோம் என்று டங்கனிடம் சொன்னேன். அவர், நிகழ்ச்சி நிரல் அச்சடித்தாகிவிட்டது, வாசிப்போம் என்றார். வயலினுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைப் பிடித்தார். பாடுவதற்கு மெல்லிய, அழகான குரலுள்ள இளம்பெண் ஒருத்தி வந்தாள். கச்சேரியில் எழுதியபடி வேகமாகவே பாடினோம். அவள் புன்னகையோடு படகோட்டியின் முழங்காலை உடைத்தாள், விலாவை உடைத்தாள். முன்வரிசைக்காரர்கள் காலால் தாளம் போட்டார்கள். வரிசைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பிள்ளை ஆடியது. மண்டை உடைந்தபோது நான் என் துள்ளலை வாசித்தேன். ஒரு சுரமும் பிசகவில்லை. பலத்த கைதட்டல். டங்கன் மட்டும் எழுந்து வணங்காமல் பியானோவில் கைகளை வைத்தபடி இருந்தார்.

கூட்டம் கலையும்போது பின்வரிசையில் மைதிலியைக் கண்டேன். அன்று கதிரையில் போட்டுவிட்டு ஓடிய வயலின் ஹோல் அலுமாரிக்குள் கிடந்தது. அதை எடுக்க வந்திருந்தாள். வெளியே, வாசல் மண்டபத்து வாங்குப் பலகையில் அக்கா குளிருக்குள் இருந்தார். உள்ளே வரவில்லை. எவ்வளவு நேரமாக இருந்தாரோ தெரியாது. பாட்டு முழுவதும் அந்தக் கதவு வழியாகக் கேட்டிருக்கும்.

மைதிலி வலது கையில் வயலின் பெட்டியோடு வந்தவள், கண்டு நின்றாள். அக்கா எழுந்தார்.

"கை எப்பிடிப் பிள்ளை?"

"ரெண்டு விரலிலை உணர்ச்சி இல்லை மாமி. வாசிக்கேலாது."

அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தார். மைதிலி விடவில்லை.

"நான் பொலிசிலை உங்களுக்கு எதிராச் சொல்லேல்லை. அதுக்காக நான் உங்களிட்டை வருவன் எண்டு நினைக்காதேங்கோ." அவள் நிறுத்தாமல் சொன்னாள். "எனக்கு அவரும் வேண்டாம். நீங்களும் வேண்டாம். அடிக்கிறவையும் வேண்டாம், எனக்காக அடிக்கிறவையும் வேண்டாம்."

அக்கா தலையைக் குனிந்தார். பிறகு, "ஓம் பிள்ளை," என்றார்.

மைதிலி என்னிடம் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனாள். அவளுடைய காலடி கேட்காமற் போகும்வரை அக்கா நிமிரவில்லை.

"தம்பி, எந்தப் பக்கம் போறாள்?"

"பஸ் தரிப்புப் பக்கம் அக்கா."

அக்கா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். அவருடைய வீட்டுக்கும் அந்தத் தரிப்பில்தான் பஸ் எடுக்கவேண்டும். படியில் இறங்கி, மற்றப் பக்கமாக நடந்து போனார்.